வெறும் தரை

நம் எலும்பு மஜ்ஜைக்குள் இன்னும் எதுவாகவும் ஆகாத ஒரு வகைச் செல்கள் இருக்கின்றன. எலும்பாகலாம், கொழுப்பாகலாம், குருத்தெலும்பாகலாம். மீசன்கைமல் ஸ்டெம் செல் என்று பெயர். 2004இல் கிறிஸ்டோபர் சென் என்ற விஞ்ஞானியின் குழு இந்தச் செல்களை வைத்து ஒரு சோதனை செய்தது. ஒரு பரப்பின் மீது ஃபைப்ரோநெக்டின் என்ற புரதத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பதித்தார்கள். செல்கள் பிடித்துக்கொள்ளும் புரதம் அது. சதுரங்களுக்கு நடுவே செல் ஒட்டவே முடியாதபடி வேறொரு பூச்சு. சில சதுரங்கள் பக்கத்துக்கு 32 மைக்ரான், சில 100 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கும். ஒரு சதுரத்துக்கு ஒரு செல் என்று உட்காரவைத்தார்கள்.

எல்லாச் செல்களும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. எல்லாவற்றுக்கும் ஒரே ஊட்டத் திரவம். அந்தத் திரவத்தில் எலும்பாகத் தூண்டும் பொருட்களும் இருந்தன, கொழுப்பாகத் தூண்டும் பொருட்களும் இருந்தன. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், சின்னச் சதுரத்தில் மாறியிருந்தவை கொழுப்புச் செல்கள், பெரிய சதுரத்தில் மாறியிருந்தவை எலும்புச் செல்கள். நடுத்தர அளவுச் சதுரங்களில் இரண்டும் கலந்து இருந்தன.

நீ இதுவாக வேண்டும் என்று அந்தச் செல்லிடம் யாரும் சொல்லவில்லை. எவ்வளவு தூரம் காலை நீட்டலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள். இந்தச் சோதனையைப் பற்றி முதன்முதலில் படித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஒருவருக்கு எல்லா வாய்ப்புகளையும் திறந்து வைத்துவிட்டு, அவர் நிற்கும் இடத்தின் அளவை மட்டும் நாம் தீர்மானித்தால், அதன்பிறகு அவர் என்னவாக ஆகிறாரோ அதற்கு யார் பொறுப்பு?

*

இந்தச் சதுரங்களைப் பதிக்கும் முறை ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸ் குழு 1990களில் வளர்த்தெடுத்தது. கணினிச் சில்லு செய்யும் அதே நுட்பத்தில் முதலில் ஓர் அச்சு செய்வார்கள். அதன்மேல் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி, இறுகியதும் உரித்தெடுத்தால் ஒரு ஸ்டாம்ப் கிடைக்கும். வேண்டியதைத் தடவிக் குத்த வேண்டியதுதான். தாலுகா ஆபீஸ் முத்திரைக்கும் இதற்கும் கொள்கையளவில் பெரிய வித்தியாசம் இல்லை.

சென், டொனால்ட் இங்பர், ஒயிட்சைட்ஸ் ஆகியோர் சேர்ந்து இதே முறையில் 1997இல் வேறொரு சோதனையை வெளியிட்டிருந்தார்கள். அதில் பயன்படுத்தியது ஸ்டெம் செல் அல்ல, நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரில் இருக்கும் செல்கள். பெரிய தீவுகளில் விடப்பட்டவை வளர்ந்தன. தீவைச் சுருக்கிக்கொண்டே போனபோது, ஒரு கட்டத்துக்குக் கீழே அவை தம்மைத் தாமே அழித்துக்கொண்டன. உணவு இருந்தது. வளர்ச்சித் தூண்டிகள் இருந்தன. பிடித்துக்கொள்ள இடமும் கொஞ்சம் இருந்தது. ஆனாலும் செத்தன.

இதற்கு எளிய விளக்கம் ஒன்று உண்டு: பிடிமானம் குறைந்துவிட்டது, அதனால் செத்தது. அந்த விளக்கத்தைச் சோதிக்க அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. சின்னத் தீவில் இருந்த அதே அளவு புரதத்தை ஒரே இடத்தில் வைக்காமல், பல நுண்ணிய புள்ளிகளாக உடைத்து, இடைவெளி விட்டுப் பதித்தார்கள். மொத்தப் பிடிமானம் கூடவில்லை. ஆனால் செல் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு எட்டிப் பிடித்து, நடுவிலிருந்த வெற்றிடத்தின் மேல் தன்னைப் பாலமாக விரித்துக்கொண்டது. விரிந்த செல் பிழைத்தது. எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதைவிட, கொடுக்கப்பட்டது எவ்வளவு தூரம் விரிய இடம் தந்தது என்பதே உயிரைத் தீர்மானித்தது.

பிடிமானத்தை முழுவதுமாக இழந்து செல் சாவதற்கு உயிரியலில் தனிப் பெயரே இருக்கிறது: அனாய்கிஸ். 1994இல் வைத்த பெயர். வீடற்ற நிலை என்று பொருள்படும்படி கிரேக்கத்திலிருந்து எடுத்தார்கள். நம் உடம்பின் பெரும்பாலான திசுக்களில் உள்ள செல்களுக்கு, தொடுவதற்கு எதுவும் இல்லையென்றால் வாழ்வதற்குக் காரணமும் இல்லை. ரத்தச் செல்கள் இதற்கு விதிவிலக்கு. புற்றுநோய்ச் செல் ஊர்விட்டு ஊர் போவதற்கு முதலில் கைவிட வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான்.

*

ஒருவர் கெட்டுப்போனால் நம் ஊரில் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். ஒன்று, "அவன் புத்தியே அப்படித்தான்." இன்னொன்று, "சேர்க்கை சரியில்ல." முதலாவது பழியை ஆளுக்குள் வைக்கிறது, இரண்டாவது வெளியே வைக்கிறது. பெரும்பாலும் நமக்கு வேண்டாதவருக்கு முதல் தீர்ப்பையும், நம் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாவதையும் கொடுக்கிறோம்.

இலக்கியத்திலும் இரண்டு குரல்களும் உண்டு. சிற்றினம் சேராமை அதிகாரத்தில் வள்ளுவர், நீர் தான் சேரும் நிலத்தின் தன்மையால் திரிவதை எடுத்துக்காட்டி, மனிதரின் அறிவும் சேரும் இனத்தைப் பொறுத்தது என்கிறார். புறநானூற்றின் 187ஆம் பாடலில் ஔவையார் இதைத் திருப்பிப் போடுகிறார். நிலத்துக்குத் தனியாக நன்மை தீமை கிடையாது, அங்கே வாழும் மனிதர் நல்லவரென்றால் நிலமும் நல்லது என்பது அவர் கட்சி. நிலம் நீரை மாற்றுகிறதா, மனிதர் நிலத்தை மாற்றுகிறார்களா?

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். செல் மனிதரல்ல. அதற்கு ஆசையில்லை, அவமானமில்லை. கொழுப்பாகப் போன செல்லுக்கு அநியாயம் நடந்துவிட்டதாக யாரும் வழக்குப் போட முடியாது. சோதனைக் கிண்ணத்திலிருந்து நேராகச் சமூகத்துக்குத் தாவும் கட்டுரைகளை நானும் சந்தேகத்தோடுதான் படிப்பேன். இந்தச் சோதனைகள் மனிதரைப் பற்றி எதையும் நிரூபிப்பதில்லை. ஆனால் ஒரு விஷயத்துக்குப் பயன்படும். மனித வாழ்க்கையில் தரையை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துப் பார்க்கவே முடியாது, எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இங்கே பிரித்திருக்கிறார்கள். தரை ஒன்றைத் தீர்மானிக்கிறது என்று சொல்லும்போது நாம் எதைச் சொல்கிறோம் என்பதை இதை வைத்துக் கொஞ்சம் தெளிவாக யோசிக்கலாம்.

*

முதலில் கேட்க வேண்டியது: சதுரத்தின் அளவு செல்லுக்கு எப்படித் தெரிகிறது? அதற்குக் கண்ணில்லை, அளவுகோலும் இல்லை. அது இழுத்துப் பார்க்கிறது.

செல்லின் மேலுறையில் இன்டெக்ரின் என்ற புரதங்கள் இருக்கின்றன. இவை வெளியே தரையைப் பிடிக்கின்றன, உள்ளே செல்லின் எலும்புக்கூடு போன்ற ஆக்டின் இழைகளோடு இணைந்திருக்கின்றன. நம் தசையை இயக்கும் மயோசினின் உறவுக்காரப் புரதம் ஒன்று அந்த இழைகளைச் சுருக்குகிறது. அதாவது செல் தான் நிற்கும் தரையை எந்நேரமும் உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. நன்றாக விரிந்திருக்கும் செல்லால் பலமாக இழுக்க முடியும். ஒடுங்கிக் கிடப்பதால் முடியாது. அந்த இழுவிசையின் அளவுதான் உள்ளே செய்தியாகப் போய், எந்த மரபணு விழிக்க வேண்டும் என்பதில் பங்கெடுக்கிறது.

சென் குழு இதையும் சோதித்தது. இழுவிசையைத் தூண்டும் ராக் என்ற நொதியை, அணைக்கவே முடியாதபடி செல்லுக்குள் முடுக்கிவிட்டார்கள். அப்போது செல் ஒடுங்கியிருந்தாலும் எலும்பின் பாதையில் போனது. 2006இல் ஆடம் எங்லர், டென்னிஸ் டிஷர் குழுவினர் வேறு வகைச் சோதனை செய்தார்கள். வடிவத்துக்குப் பதில் தரையின் விறைப்பை மாற்றினார்கள். மூளை போல மிருதுவான, 1 கிலோபாஸ்கலுக்கும் குறைவான விறைப்புள்ள தரையில் ஸ்டெம் செல்கள் நரம்புச் செல்களின் சாயலைக் காட்டின. தசை போன்ற, 8 முதல் 17 கிலோபாஸ்கல் தரையில் தசையின் சாயல். 25 முதல் 40 வரை போனால் எலும்பு. மயோசினை முடக்கும் மருந்தைக் கொடுத்தபோது இந்த வேறுபாடு அழிந்துபோனது. இழுக்க முடியாத செல்லுக்கு எல்லாத் தரையும் ஒன்றுதான்.

எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. "சூழ்நிலைக் கைதி" என்று சொல்லும்போது நாம் சூழ்நிலையைச் சுத்தியலாகவும் ஆளைக் களிமண்ணாகவும் கற்பனை செய்கிறோம். இங்கே நடப்பது அதுவல்ல. தரை செல்லின் மேல் எதையும் செய்வதில்லை, அது சும்மா கிடக்கிறது. செல்தான் முயல்கிறது. அந்த முயற்சிக்குத் தரை என்ன பதில் கொடுக்கிறது என்பதிலிருந்து செல் தன்னைக் கண்டுகொள்கிறது. விதியை எழுதுவது செல்லின் சொந்த உழைப்பு, தரையின் வழியாக.

இதனால் தரை போடுபவரின் பொறுப்பு குறைகிறதா? கூடுகிறது என்றுதான் நினைக்கிறேன். கட்டளைக்கு எதிராகப் பேசலாம். கட்டளை போட்டவருக்கு ஒரு முகம் இருக்கும், அவரை வையலாம், தெருவில் இறங்கிப் போராடலாம். தரை வழியாக வரும் அதிகாரத்துக்கு அது கிடையாது. அது நம் சொந்த முயற்சியின் விளைவாகவே நம்மிடம் வந்து சேர்கிறது. மார்க்கைப் பார்த்து செக்‌ஷன் பிரிக்கும் பள்ளியில், கடைசி செக்‌ஷனில் உட்காரவைக்கப்பட்ட பையனிடம் யாரும் "நீ படிக்காதே" என்று சொல்வதில்லை. அதே புத்தகம், அதே பரீட்சை. அவன் கையைத் தூக்குகிறான், கேள்வியை வாங்க ஆளில்லை. இரண்டு தடவை, மூன்று தடவை. பிறகு தூக்குவதில்லை. வருடக் கடைசியில் "எனக்குப் படிப்பு வரல" என்று அவனே சொல்வான். அந்த வாக்கியம் அவன் வாயிலிருந்து வருவதுதான் இந்த ஏற்பாட்டின் வெற்றி.

*

அப்படியானால் யாரையும் எந்த வார்ப்பிலும் வைக்காமல், வெறும் தரையில் விட்டுவிடுவதுதானே நியாயம்? நல்ல எண்ணத்தில் எழும் யோசனை. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

பல பத்தாண்டுகளாக உலகெங்கும் ஆய்வகங்கள் செல்களைப் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் கிண்ணங்களில் வளர்த்துவருகின்றன. அதுதான் சாதாரணத் தரை, எதையும் திணிக்காத தரை என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. உண்மையில் அந்த பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைப் பதப்படுத்தினால்தான் செல்களே அதில் சரியாக ஒட்டும். அதன் விறைப்போ தசையைப் போல லட்சம் மடங்குக்கும் அதிகம். உடம்பில் பெரும்பாலான செல்கள் சந்தித்திராத ஒரு பாறை அது. அந்தப் பாறையின் மேல் செல் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து, செல்லின் இயல்பு இது என்று பாடப்புத்தகம் எழுதினோம். வடிவம் போட்ட தரை என்றும் வெறும் தரை என்றும் இரண்டு வகை இருந்ததே இல்லை. நாம் கவனித்த வடிவம், கவனிக்காத வடிவம், அவ்வளவுதான்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் இது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. எங்கள் தொழிலில் இதன் பெயர் டீஃபால்ட். ஒரு திரையில் "ஒப்புக்கொள்கிறேன்" பெரிய நீலப் பொத்தானாகவும், "வேண்டாம்" சாம்பல் நிறத்தில் சின்ன எழுத்தாகவும் இருந்தால் அதில் ஒரு நோக்கம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரண்டையும் ஒரே அளவில் வைத்தாலும், எது முதலில் வரும், எது ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருக்கும் என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். முடிவே செய்யாத திரை கிடையாது. "நாங்க எதையும் திணிக்கல, யூசர்தான் தேர்ந்தெடுத்தார்" என்ற வாக்கியம் கூட்டங்களில் சர்வசாதாரணமாகப் புழங்கும். அதில் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

கவனிக்காத தரை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இன்னொரு உதாரணம். மாரடைப்புக்குப் பிறகு இதயத் தசையின் ஒரு பகுதி செத்து, அங்கே தழும்பு உருவாகும். தழும்பு என்பது விறைத்த திசு. அந்த இடத்தில் ஸ்டெம் செல்லைச் செலுத்தினால் புதிய தசை வளரும் என்ற நம்பிக்கை 2000களின் தொடக்கத்தில் பலமாக இருந்தது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், மாரடைப்பு உண்டாக்கப்பட்ட எலிகளின் இதயத்தில் எலும்பு மஜ்ஜைச் செல்களைச் செலுத்திப் பார்த்தார்கள். பல இதயங்களில், அடிபட்ட பகுதிக்குள் சுண்ணாம்புப் படிவும் எலும்பும் உருவாகியிருந்தன. ஒரே காரணத்தைக் கைகாட்டிவிட முடியாது. ஆனால் தழும்பின் விறைப்பே அந்தச் செல்களை எலும்பின் பக்கம் தள்ளியிருக்கலாம் என்பது எங்லரின் சோதனையைப் படித்த யாருக்கும் தோன்றும்.

குணப்படுத்த அனுப்பிய நல்ல செல்கள்தான். போய்ச் சேர்ந்த இடம் இறுகிப் போயிருந்தது. நம் அரசியல் பேச்சில் அடிக்கடி வரும் ஒரு நம்பிக்கை இங்கே ஆட்டம் காண்கிறது: "நல்ல ஆள் ஒருத்தர் உள்ள போனா எல்லாம் சரியாயிடும்." இறுகிப்போன ஓர் அலுவலகத்துக்குள் நல்லவர் ஒருவரை அனுப்பிவிட்டு, ஐந்து வருடம் கழித்து அவரும் மாறிவிட்டார் என்று வருத்தப்படுகிறோம். அவரை அனுப்பியவர்கள் என்ற முறையில் தரையை இளக்க நாம் என்ன செய்தோம் என்று கேட்டுக்கொள்வதில்லை.

*

வெறும் தரை கிடையாது என்றால், தரை போடுவது குற்றமில்லை. தவிர்க்க முடியாத ஒன்று குற்றமாக முடியாது. பிறகு நல்ல தரையையும் கெட்ட தரையையும் எதை வைத்துப் பிரிப்பது? எனக்கு இரண்டு அளவுகோல்கள் தெரிகின்றன.

முதலாவது காலம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டி ஆன்செத் குழு 2014இல் ஒரு முடிவை வெளியிட்டது. ஸ்டெம் செல்களை விறைத்த தரையில் கொஞ்ச நாள் வைத்திருந்து, பிறகு மிருதுவான தரைக்கு மாற்றினார்கள். சில நாட்கள் மட்டும் விறைப்பில் இருந்தவை பழைய நிலைக்குத் திரும்பின. பத்து நாள் இருந்தவை, மிருதுவான இடத்துக்கு வந்த பிறகும் விறைத்த தரையில் இருப்பது போலவே நடந்துகொண்டன. உள்ளே எலும்புக்கான சமிக்ஞைகள் அணையவில்லை. தரையை மாற்றிவிட்டோம், இனி என்ன குறை என்று கேட்பவர்களுக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. தரை காலுக்குக் கீழே மட்டும் இருப்பதில்லை. போதுமான நாள் நின்றால் உள்ளே வந்துவிடும். ஆகவே ஒருவரை எதில் நிற்கவைக்கிறோம் என்பதோடு எவ்வளவு காலம் நிற்கவைக்கிறோம் என்பதும் அறக்கேள்விதான். திரும்பி வரக்கூடிய காலத்துக்குள் கதவைத் திறக்காத எந்த ஏற்பாடும், பிற்பாடு எவ்வளவு தாராளமாகத் திறந்தாலும் கடன்பட்டதுதான்.

இரண்டாவது ஒழுங்கு. கிளாஸ்கோவில் மேத்யூ டால்பி குழு பிளாஸ்டிக்கில் 120 நானோமீட்டர் அகலமுள்ள குழிகளைப் பதித்தது. குழிக்குக் குழி 300 நானோமீட்டர். கோலப்புள்ளி வைத்தது போலச் சரியான கட்டத்தில் வைத்தால் ஸ்டெம் செல்கள் எலும்பாகவில்லை. ஒவ்வொரு குழியையும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 50 நானோமீட்டர் வரை இங்குமங்கும் தள்ளிவைத்தபோது, எலும்பாகத் தூண்டும் எந்த மருந்தும் இல்லாமலேயே எலும்பின் பாதையில் போயின. இது 2007இல். அதே குழு 2011இல் இன்னொன்றைக் காட்டியது: சரியான கட்டத்தில் விடப்பட்ட செல்கள் எட்டு வாரம் வரை ஸ்டெம் செல்லாகவே நீடித்தன.

பிசகுதான் நல்லது, ஒழுங்கு கெட்டது என்று இதைச் சுலபமாகப் படித்துவிடலாம். அவசரப்பட வேண்டாம். முடிவெடுக்காமல் காத்திருக்கவும் ஒரு தரை வேண்டும், முடிவெடுக்க வேறொரு தரை வேண்டும் என்பதையே இரண்டு சோதனைகளும் சேர்ந்து சொல்கின்றன. பதினைந்து வயதில் எந்த குரூப் என்று கேட்டு நிறுத்தும் நமக்கு, காத்திருக்க விடும் தரை என்ற எண்ணமே அந்நியமானது. ஒன்றாகவும் ஆகாமல் எட்டு வாரம் இருப்பதை நாம் வீண் என்று எண்ணுகிறோம். அந்தச் செல்லுக்கு அது வீண் இல்லை. எல்லாமாகவும் ஆகும் திறனைக் கைவிடாமல் வைத்திருப்பதும் ஒரு வேலை, அதற்கும் பிடிமானம் தேவை.

*

ஔவையாருக்குத் திரும்ப வருகிறேன். அவர் சொன்னதற்கும் ஆய்வகத்தில் ஆதாரம் உண்டு, ஆய்வாளர்களுக்குத் தொந்தரவாக. எவ்வளவு கவனமாகப் பதித்த சதுரமும் நாளாக நாளாகக் கலையும். காரணங்களில் ஒன்று, செல்கள் தாமே புரதங்களைச் சுரந்து புதிய தரையை நெய்துகொள்வதுதான். ஸ்டாம்ப் குத்திய எல்லையைத் தாண்டி, ஒட்ட முடியாத இடத்தில் மெல்ல ஒட்டும் இடத்தை உண்டாக்கிக்கொண்டு கால் வைக்கும்.

உடம்புக்குள் யாரும் ஸ்டாம்ப் குத்துவதில்லை. அங்கே தரை என்பது முழுக்க செல்கள் நெய்தது. கொலாஜனும் ஃபைப்ரோநெக்டினும் முன்னால் வந்த செல்கள் சுரந்து விட்டுப்போனவை. எலும்புச் செல் தன்னைச் சுற்றி எலும்பைக் கட்டுகிறது, அடுத்து வரும் செல் அந்த விறைப்பின் மேல் வந்து நிற்கிறது. தழும்பிலும் இதே கதை, மோசமான திசையில். விறைத்த தரை அங்கிருக்கும் செல்களை இன்னும் பலமாக இழுக்கவைக்கிறது, அவை இன்னும் விறைத்த தரையைச் சுரக்கின்றன. நுரையீரலும் கல்லீரலும் நார்க்கட்டியாக இறுகும் நோய்களில் இந்தச் சுழற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே எந்தச் செல்லும் தீயதல்ல. ஒவ்வொன்றும் தன் காலடிக்குப் பொருத்தமானதைத்தான் செய்கிறது.

முதலில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். ஆனதற்கு ஆனவரும் பொறுப்பு, ஏனென்றால் இழுத்தது அவர். தரை போட்டவரும் பொறுப்பு, ஏனென்றால் இழுத்தபோது கிடைத்த பதில் அவர் கொடுத்தது. இரண்டையும் கூட்டி நூறு சதவீதம் ஆக்கிப் பங்கு பிரிக்க வேண்டியதில்லை. ஒருவரின் பொறுப்பு கூடினால் மற்றவருடையது குறைய இது பாகப்பிரிவினை அல்ல. இந்த இரண்டு இடங்களிலும் ஒரே நேரத்தில் நாம்தான் நிற்கிறோம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பிறர் நெய்த தரையில் நின்றபடி யாருக்கோ தரையாகிக்கொண்டிருக்கிறோம். நம் டீமில் புதிதாகச் சேர்ந்தவரின் முதல் கேள்விக்கு என்ன பதில் கிடைத்தது, வீட்டில் குழந்தை மூன்றாவது தடவை "ஏன்?" என்றபோது யார் நிமிர்ந்து பார்த்தார்கள், கடைசி செக்‌ஷனில் தூக்கிய கையை எந்த ஆசிரியர் கவனித்தார். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஒரு புள்ளி இருந்தால் போதும். நடுவில் இருக்கும் வெற்றிடத்தின் மேல் விரிவதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.